இடம் மாறிய அடிக்கட்டைகள்

என் மகளுக்கு ஆறு மாதம் நடந்துகொண்டிருந்தபோது, காற்றாடி விடுவதற்காக நாங்கள் குடும்பத்தோடு நமுனுகுல மலைக்குப் போனோம். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் என் முகத்தைப் பார்க்கிறார்கள், பிறகு என் கணவரின் முகத்தை. கடைசியில் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, "பாவம்" என்கிறார்கள்.

என் கணவர் பதுளைக் கடைத்தெருவில் போட்டோக் கடை வைத்திருக்கிறார். வர்ணம் தீட்டிய திரைக்கு முன்னால் மூச்சை அடக்கிக்கொண்டு, போலீஸ் பிடித்துக் கொண்டுவந்தவர்களைப் போல விழிக்கும் மாப்பிள்ளை பெண்களைப் படம் எடுப்பது அவர் தொழில். அந்தக் கடைக்கு ஒரு நாள் காடுகளைக் கவனிக்கும் துரை ஒருவர் வந்தார். ஜெர்மனியோடு நடந்த சண்டையில் ஆகாய விமானத்தில் பறந்து, எதிரியின் பதுங்குகுழிகளை மேலிருந்து படம் எடுத்தவராம். சண்டை முடிந்துவிட்டது. இப்போது அவருடைய எதிரிகள் மரம் திருடுகிறவர்கள்.

ரயில் பாதை அப்போது பதுளையை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஹாலிஎலப் பக்கம் மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்காக, மலைமேல் இருக்கும் பழைய காட்டில் யாரோ பெரிய மரங்களைத் திருட்டுத்தனமாக வெட்டுகிறார்கள் என்று துரைக்குத் தகவல். எங்கே என்றுதான் தெரியவில்லை. அவருடைய ஆட்கள் ஒரு வழியாகக் காட்டுக்குள் போய், மரங்களைப் பார்த்துவிட்டு, அதே வழியாகத் திரும்பி வந்து, "மரம் இருக்கிறது" என்று அறிக்கை எழுதினார்கள்.

"உள்ளே நின்றால் நாலடிக்கு அப்பால் தெரியாது. மேலிருந்து பார்த்தால் ஒரு மரம் போனாலும் பல் விழுந்த வாய் போலத் தெரியும்" என்று துரை சொன்னாராம். பதுளையில் விமானம் கிடையாது. ஆனால் பெரிய காற்றாடி ஒன்று செய்து, அதில் காமிராவைக் கட்டி அனுப்பலாம் அல்லவா? என் கணவர் அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து என்னிடம் யோசனை கேட்டார்.

நான் யோசித்தேன். குழந்தைக்குக் குளிர் ஆகுமா, மலையில் அட்டை கடிக்குமா, போகாவிட்டால் கணவருக்கு மனக்கஷ்டம் வருமா, போனால் எனக்கு வருமா என்றெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் மாட்டுவண்டி வாசலில் வந்து நின்றது.

மலைமேல் இருந்த தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், கணக்கு எழுதும் கிளாக்கர் குடியிருந்து காலி செய்த வீட்டைக் கொடுத்தார்கள். வீட்டுக்குக் கீழே தேயிலை, அதற்கும் கீழே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயங்கள். வீட்டுக்குப் பின்னால் காடு. அவ்வளவு உயரமான மரங்களை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பாசி பிடித்து, மூடுபனி சொட்டிக்கொண்டு, பகலிலேயே உள்ளே அந்திபோல இருக்கும்.

எனக்கு உதவியாக லயத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள், நான்கு பிள்ளை பெற்றவள். நான் அவளை அக்கா என்றேன். அவள் என்னைப் படக்காரம்மா என்றாள். வந்த முதல் நாளே அவள் என்னிடம் ஒரு விஷயம் கேட்டாள்.

"ஏங்க படக்காரம்மா, அந்தக் காத்தாடி எங்க வெறகுக்கு ஒல வைக்கத்தான் வந்திருக்காமே, மெய்தானா?"

விஷயம் இதுதான். லயத்து ஜனங்கள் காட்டுக்குள் போய் விழுந்து கிடக்கும் சுள்ளியையும் கிளையையும் பொறுக்கிக்கொள்ள அனுமதி இருந்தது. காட்டுத் துரை அதற்கு ஒரு நிபந்தனை வைத்துவிட்டார். இந்தப் பக்கத்தில் புதிதாக வெட்டிய ஒரு மரம் படத்தில் தெரிந்தாலும், விறகு வழியை முள்வேலி போட்டு அடைத்துவிடுவார். அந்தக் குளிரில் விறகு இல்லாவிட்டால் சோறும் இல்லை, சுடுதண்ணீரும் இல்லை.

"வேலி போட்டாருன்னா நாங்க அரிசிய அப்படியே மென்னுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டியதுதான்" என்றாள் அக்கா. "அப்புறம் ஒங்க பாப்பாவுக்குக் குளிக்க வெந்நி நானே ஊதி ஊதிச் சூடு பண்றேன்."

நான் அவளுக்கு ஆறுதல் சொன்னேன். யாரும் வெட்டவில்லை என்றால் படத்தில் எப்படித் தெரியும்? காமிரா பொய் சொல்லாது என்று கூடச் சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

காற்றாடி ஆளைவிட உயரம். மூங்கில் சட்டத்தில் மெல்லிய துணி கட்டியது. காமிராவைச் சின்னப் பெட்டியில் வைத்து அதன் கயிற்றில் தொங்கவிட்டார்கள். மேலே போன காமிராவின் விசையை யார் தட்டுவது? அதற்குத்தான் என் சுவாமி மாடத்து ஊதுபத்தி. விசையை ஒரு நூல் இழுத்துப் பிடித்திருக்கும். நூலோடு ஊதுபத்தியைச் சேர்த்துக் கட்டிக் கொளுத்தி அனுப்புவார் என் கணவர். பத்தி எரிந்து நூலைத் தொட்டதும் நூல் அறும், காமிரா கண் சிமிட்டும். அதே நேரம், சுருட்டி வைத்த என் சிவப்பு ரிப்பன் அவிழ்ந்து தொங்கும். ரிப்பன் தெரிந்தால் படம் எடுத்தாயிற்று, கீழே இழுக்கலாம் என்று அர்த்தம்.

"சாமிக்கு வச்சது போக மிச்சத்தத்தான் எடுக்கிறேன்" என்றார் முதல் நாள். கொஞ்ச நாளில் சாமிக்குப் பூ மட்டும்தான். ஆகாயத்தில் சந்தன வாசம்.

முதல் படத்தில் வானம் இருந்தது. அடுத்ததில் வானமும் காற்றாடியின் வாலும். பிறகு ஒன்றில் கயிற்றைப் பிடித்திருந்த கங்காணி அண்ணாந்து பார்த்து வாயைப் பிளந்து நின்றார். காற்றாடி எழும்பும் முன்பே நூல் அறுந்திருக்கிறது. கங்காணி மீசையும் முண்டாசுமாகப் பெரிய மனிதர். மேற்பிரிவு ஆட்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. அவருக்கு அந்தப் படம் மிகவும் பிடித்துவிட்டது. ஊரில் இருக்கும் தம்பிக்கு அனுப்ப ஒரு பிரதி கேட்டார். என் கணவர் அன்று சாப்பிடவில்லை.

எனக்கு வேறு கவலை. குழந்தையின் இடுப்புத்துணிகள் காயவில்லை. பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு நர்ஸ் அம்மா, ஈரத்துணியால் குழந்தைக்கு வரக்கூடிய வியாதிகளைக் கரும்பலகையில் வரிசையாக எழுதிப் போட்டிருந்தார். அந்தக் கரும்பலகை என் கண்ணைவிட்டு மறைவதே இல்லை. நான் துணியைத் துவைத்து, வேகவைத்து, சரியாக வெந்ததா என்ற சந்தேகத்தில் மறுபடி வேகவைப்பேன். மூடுபனி வந்து அதை மறுபடி நனைக்கும்.

ஒரு நாள் காலையில் நல்ல வெயில் வந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"என்னம்மா இது, ரோட்டப் பாக்க காயப்போடுறீங்க? போறவ வர்றவ கண்ணெல்லாம் புள்ளத் துணியில விழுந்தா புள்ள துரும்பா எளச்சிப் போகுமே!"

நான் படித்தவள். மூடநம்பிக்கைகளைக் கண்டித்துக் கட்டுரை எழுதிப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியவள். ஆனால் அந்தக் கட்டுரையை எழுதும்போது எனக்குக் குழந்தை இல்லை.

"எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கெடையாதுக்கா" என்றேன். "சும்மா கேக்குறேன், வேற எடம் எங்க இருக்கு?"

விறகு வழியில் கொஞ்ச தூரம் போனால் ஓர் இடம் இருந்தது. என்றோ அடித்த புயலில் ஒரு பழைய மரம் தானாகவே வேரோடு சாய்ந்து, பக்கத்து மரங்களையும் இழுத்துக்கொண்டு விழுந்திருக்கிறது. மரங்கள் மண்ணோடு மண்ணாக மக்கி, பாசி மூடிவிட்டன. அங்கே இடுப்பளவு பெரணிச் செடி. சுற்றிலும் மதில் சுவர் மாதிரி காடு, நடுவில் மட்டும் வெயில் கிணற்றுக்குள் இறங்குவதுபோல இறங்கியிருந்தது.

"இங்க ஒரு ஈ காக்கா கண்ணுகூடப் படாது" என்றாள் அக்கா பெருமையாக.

நானும் சுற்றிப் பார்த்தேன். முன்னால், பின்னால், இடது, வலது எல்லாம் பார்த்தேன். நான்காக மடித்த துணிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செடிகள்மேல் வைத்தோம். குழந்தையின் சட்டையையும் கையை விரித்துப் போட்டேன். திருப்தியாக இருந்தது. மேலே மட்டும் நான் பார்க்கவில்லை.

வெயிலைக் கண்டதும் துரையும் குதிரையில் வந்துவிட்டார். காற்றும் நன்றாக இருந்தது. காற்றாடி வீட்டுக்குப் பின்னாலிருந்து எழும்பிக் காட்டின்மேல் போய் நின்றது. சிவப்பு ரிப்பன் சரியான நேரத்தில் அவிழ்ந்து ஆடியது. எல்லோரும் கைதட்டினோம். அடுப்படி ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, என் கணவர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்தபோது அவர் முகம் எங்கள் கல்யாணத்தன்று இருந்ததைவிடப் பிரகாசமாக இருந்தது.

படம் அவ்வளவு தெளிவு. ஒவ்வொரு மரத்தின் தலையும் காலிஃபிளவர் பூ மாதிரி தனித்தனியாகத் தெரிந்தது. காட்டின் நடுவே ஒரு பெரிய கறுப்புப் பள்ளம். பள்ளம் முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள்.

துரை பூதக்கண்ணாடியை எடுத்து வைத்துப் பார்த்தார். "அடிக்கட்டைகள்!" என்று ஆங்கிலத்தில் கூவினார். "புத்தம் புதிதாக வெட்டியவை. வெட்டுவாய் இன்னும் வெளுப்பாக இருக்கிறது. இத்தனை மரங்கள்! அற்புதமான படம், மிஸ்டர்!"

என் கணவரின் கையை அவர் குலுக்கிய குலுக்கலில் மேசையும் ஆடியது. உடனே கங்காணியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

துரைக்கு ஓரளவு தமிழ் தெரியும். ஆனால் வேலை வாங்குவதற்காகப் படித்த தமிழ் ஆனதால் அதில் கட்டளை மட்டுமே இருந்தது. நல்ல காரியம் செய்தவர்களைப் பாராட்டும்போதும், "சந்தோஷப்படு!" என்று அதட்டுவார்.

"கங்காணி! பார்! யார் வெட்டினது? சொல்லு!"

கங்காணி படத்தை முதலில் தலைகீழாகப் பார்த்தார். பிறகு நேராகப் பார்த்தார். "தொரைகளே, இதுல நான் இல்லீங்களே" என்றார்.

"மரம் பார்! வெட்டினது பார்!"

விஷயம் விளங்கியதும் கங்காணியின் முண்டாசு கைக்கு வந்துவிட்டது. "சத்தியமா இல்லீங்க தொரைகளே. இத்தன மரத்த வெட்டுனா கோடாலிச் சத்தம் ஊவா மாகாணம் பூராவும் கேட்டிருக்குமே. எங்காளுங்க சுள்ளி பொறுக்குறதோட சரி. அதுக்கே இடுப்பு ஒடியுதுங்குறாங்க."

"நாளைக்குப் பதுளை போறேன். எழுதறேன். வேலி! முள்வேலி! போ!"

வாசலில் கூடியிருந்த லயத்துப் பெண்களிடையே ஒரு முனகல் எழுந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். காமிரா பொய் சொல்லாது என்று நான் சொன்னது அவளுக்கு நினைவிருந்தது என்பதை அந்தப் பார்வையில் கண்டேன்.

துரைக்குக் காப்பி கொண்டுபோன நான், மேசைமேல் கிடந்த படத்தைப் பூதக்கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தேன். பள்ளத்தின் ஓரத்தில் ஓர் அடிக்கட்டைக்கு இரண்டு கைகள் இருந்தன. கழுத்தும் இருந்தது.

காப்பியை மேசையில் வைத்தேன். கணவரை அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.

"என்னங்க, அது மரக்கட்டை இல்லீங்க."

"பின்ன?"

"பாப்பாவோட துணி."

அவர் என்னைப் பார்த்தார். கொடியில் ஒன்றும் இல்லாததைப் பார்த்தார். மூலையில் கிடந்த காலிக்கூடையைப் பார்த்தார். மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

"எத்தன நாளா நாயாப் பேயா அலஞ்சு எடுத்த மொத நல்ல படம்" என்றார். "அதப் பீத்துணியாக்கிப்புட்டியே."

"நான் ஆக்கலைங்க, அது முன்னாடியே..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.

எனக்கு உண்மையில் என்ன செய்வதென்று தெரியவில்லை. சொன்னால் துரைக்கு முன்னால் கணவருக்குத் தலைக்குனிவு. கணவர் சொல்லட்டும் என்று விட்டுவிடலாம். ஆனால் அவர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ஒருவேளை சில புள்ளிகள் துணியாகவும் சில உண்மையிலேயே கட்டையாகவும் இருந்தால்? சட்டை மட்டும் சட்டையாக இருந்தால்? இப்படி நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் அக்கா தன் கடைசிப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு மூக்கைச் சிந்தினாள். அந்தப் பிள்ளைக்கும் சளி.

"நீங்க கண்ண மூடிக்குங்க, நான் போய்ச் சொல்லிட்டு வந்திர்றேன்" என்றேன் கணவரிடம். அவர் உண்மையாகவே கண்ணை மூடிக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு நல்ல ஆங்கிலம் சொல்லித் தந்தார்கள். தட்பவெப்பநிலை பற்றி, மன்னர் பற்றி, ரயில் பிரயாணம் பற்றி என்னால் பேச முடியும். இதற்கு என்ன சொல் என்று யாரும் சொல்லித் தரவில்லை. துரைக்கு முன்னால் போய் நின்று, "ஐயா, படத்தில் இருப்பவை என் மகளுடையவை" என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

துரை தொட்டிலில் கிடந்த குழந்தையைப் பார்த்தார். ஆறு மாதத்துக் குழந்தை எப்படி இத்தனை மரங்களை வெட்டியது என்று அவர் யோசித்திருக்க வேண்டும்.

வேறு வழியில்லை. காட்டுக்கு ஓடிப்போய் நானும் அக்காவும் துணிகளை வாரிக் கூடையில் போட்டுக் கொண்டுவந்து அவர் மேசைமேல், காப்பிக்குப் பக்கத்தில் வைத்தோம். மேலே சட்டையைக் கை விரித்து வைத்தேன். பூதக்கண்ணாடியையும் எடுத்து நீட்டினேன்.

துரை பூதக்கண்ணாடியால் முதலில் சட்டையைப் பார்த்தார், பிறகு படத்தைப் பார்த்தார். அவர் கழுத்திலிருந்து காதுவரை சிவப்பு ஏறியது. காப்பியைத் தள்ளி வைத்தார்.

ஆனால் அவர் அரசாங்க உத்தியோகத்தர். சட்டை ஒன்று சட்டைதான் என்று ஒப்புக்கொண்டார், மற்றவையெல்லாம் துணிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டார். லயத்து ஜனங்களுக்காக நான் பரிந்து பேசலாம் அல்லவா என்றார். நேரில் போய்ப் பார்க்கலாமே என்றால், கட்டைகளை அதற்குள் இலை தழை போட்டு மறைத்திருப்பார்களாம். சண்டையில் எதிரிகள் அப்படித்தான் செய்வார்களாம். அவருக்குப் படம்தான் வேண்டும்.

"நாளைக் காலை இன்னொரு படம். அதிலும் புள்ளிகள் அதே இடத்தில் இருந்தால், வேலி" என்றார்.

மறுநாள் காலை கங்காணி பெரட்டுக் களத்தில் ஆட்களை எண்ணி வேலைக்கு அனுப்பிவிட்டு, கயிறு பிடிக்க நாலு பலசாலிகளோடு வந்தார். வெயில் இருந்தது, காற்றும் இருந்தது. ஊதுபத்தி இல்லை. கடைசிப் பத்தியை முதல் நாள் கொளுத்தியாயிற்று. என் கணவர் என்னைப் பார்த்தார். நான் சாமியைப் பார்த்தேன்.

அக்காதான் கீழே ஓடினாள். லயத்து மாரியம்மன் கோயிலில் ஏற்றி வைத்திருந்த பத்தியை அணைத்து எடுத்துக்கொண்டு வந்தாள். "ஆத்தாகிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன்" என்றாள். "வெறகு இல்லன்னா ஒனக்குப் பொங்கலும் இல்லன்னு சொன்னேன். எடுத்துக்கன்னுட்டா."

துணிகளை மறுபடி காட்டில் பரப்புவது என் பொறுப்பு. இடம் மாற்றிப் போட்டால் போதும். ஆனால் எனக்கு எதையும் போதும் என்று விட வராது. போன தடவை போட்ட இடத்தில் ஒன்றுகூட விழக்கூடாதே என்ற பயத்தில், பள்ளிக்கூடத் தையல் வகுப்பில் சொன்னபடி, ஒரே இடைவெளியில், நேர்கோட்டில், வரிசை வரிசையாக வைத்தேன். கோணலாக இருந்ததைத் திரும்பப் போய்ச் சரிசெய்தேன். சட்டையை முன்னால் தனியாக, வாத்தியார் நிற்பதுபோல வைத்தேன்.

காற்றாடி ஏறியது. மாரியம்மன் பத்தி கொஞ்சம் ஈரம்போல. ரிப்பன் அவிழவே இல்லை. "இன்னும் விடு, இன்னும் விடு" என்று கங்காணி கத்த, கயிறு முழுவதும் போய், காற்றாடி முன்னெப்போதும் போகாத உயரத்துக்குப் போய்விட்டது. கீழே கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து நின்றார்கள். நான் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அணைந்துவிட்டதோ, அணைந்தால் என்ன செய்வது என்று எனக்குள் கேட்டுக்கொண்டிருந்தபோது, சிவப்பாக ஒரு கீற்று ஆகாயத்தில் ஆடியது.

கண்ணாடித் தகட்டைக் கழுவிப் படத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்த என் கணவர், அதைத் துரையின் முன்னால் வைத்தார்.

பள்ளத்தில் பழைய புள்ளிகள் ஒன்றுகூட இல்லை. அதற்குப் பதிலாகப் புதிய புள்ளிகள், காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல வரிசையாக நின்றன.

துரை வெகுநேரம் பார்த்தார். "ஒரே ராத்திரியில் அடிக்கட்டைகள் எழுந்து வரிசையில் நிற்பதை என் அறிக்கையில் எழுத முடியாது" என்றார் ஆங்கிலத்தில். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நாங்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. கங்காணி எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு அடி பின்னால் போனார்.

சிரிப்பின் நடுவே துரையின் விரல் படத்தின் மேல்மூலையில் போய் நின்றது. காற்றாடி அவ்வளவு உயரம் போனதால் மலைமுகட்டுக்கு அந்தப் பக்கமும் படத்தில் விழுந்திருந்தது. அங்கே காடு கறையான் அரித்தது போலத் திட்டுத் திட்டாகக் குறைந்திருந்தது. அங்கிருந்து பள்ளத்தாக்கை நோக்கி ஒரு கோடு இறங்கியது. மரங்களை இழுத்துக்கொண்டு போன தடம். அதில் துணி எதுவும் இல்லை. நான் அந்தப் பக்கம் போனதே இல்லை என்று, துரை கேட்காமலே அவரிடம் சொன்னேன்.

அன்றே அவர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். வெட்டியவர்களைப் பிடித்தார்களாம். விறகு வழிக்கு வேலி வரவில்லை. புறப்படும்போது குதிரைமேல் இருந்தபடியே என்னைப் பார்த்து, "அம்மா! சந்தோஷப்படு!" என்று கட்டளையிட்டார். நானும் உடனே கீழ்ப்படிந்தேன்.

அத்துடன் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த மலை முழுவதையும் படம் எடுக்கும் வேலையைத் துரை என் கணவருக்கே கொடுத்துவிட்டார். கூடவே ஒரு உத்தரவும் போட்டார். காற்றாடி ஏறும் நாளில் காட்டோரத்தில் எந்த வீட்டிலும் துணி காயப்போடக் கூடாது. காற்றாடி ஏறுவது நல்ல வெயில் நாளில். துணி காய்வதும் நல்ல வெயில் நாளில்.

வெயில் அடிக்கும் ஒவ்வொரு காலையும் பெரட்டுக் களத்தில் கங்காணியின் குரல் மேலே எங்கள் வீடுவரை கேட்கும். "அடியேய், எல்லாரும் கேட்டுக்குங்க! இன்னைக்கு ஒருத்தியும் துணி காயப்போடக் கூடாது! படக்காரம்மா புண்ணியம்!"

பெண்கள் கூடையோடு எங்கள் வாசலைத் தாண்டும்போது சும்மா போக மாட்டார்கள். "இன்னைக்கும் ஈரச்சேலதான் படக்காரம்மா, ஒடம்பு நல்லா குளுகுளுன்னு இருக்கு!" என்று ஒருத்தி. "மேல போறது காத்தாடியா, இல்ல இவங்க மாமியாளா? கொடியில கெடக்குறத எல்லாம் பாக்குதே!" என்று இன்னொருத்தி. நான் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, மன்னிப்புக் கேட்கலாமா, கேட்டால் இன்னும் சிரிப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.

குழந்தையின் துணிக்கு அக்காதான் வழி செய்தாள். அந்தக் காட்டிலிருந்து ஒரு கட்டு விறகு கொண்டுவந்து அடுப்பில் அடுக்கி, மேலே கொடி கட்டினாள். அடுப்பு நாள் முழுவதும் எரிந்தது. துணிகள் மொறமொறவென்று காய்ந்தன, கொஞ்சம் பழுப்பாக. பதுளைக்குத் திரும்பி வந்த பிறகும் வெகுநாள் என் மகள்மேல் புகை வாசம் வீசியது. அது உடம்புக்கு ஆகுமா என்று அந்த நர்ஸ் அம்மா எதுவும் எழுதிப் போட்டிருக்கவில்லை. நான் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.